வன்னியைக் கடக்கும் காலம்

தென்னாசியப் படத்தை விரித்து, சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூல் ஏறக்குறைய யாழ்ப்பாணத்தின் மேலேயே செல்லும். மூன்று நகரங்களும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. பலாலி விமான நிலையத்திலிருந்து வடக்கே சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர்; தெற்கே கொழும்பை அடுத்த இரத்மலானை ஏறத்தாழ 330 கிலோமீற்றர். பறவைக்கு இவ்விரு பயணங்களும் ஏறக்குறைய ஒன்றே. மனிதருக்கோ அவை ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. வடக்கே இருப்பது கடல். தெற்கே இருப்பது வன்னி.

வன்னிப் பெருநிலம் என்பது ஆனையிறவுக் கடல்நீரேரிக்குத் தெற்கே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களும் மன்னாரின் ஒரு பகுதியும் அடங்கிய காட்டு நிலம். குளங்களையும் வயல்களையும் நம்பி வாழும் நிலம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அதில் வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரையிலான பகுதி ஏறத்தாழ 90 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள தூரத்தில் இது நாலில் ஒரு பங்கும் ஆகாது. ஆயினும் யாழ்ப்பாணத்தார் கொழும்பு செல்ல எத்தனை நாள் எடுக்கும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் விடை கூறியது இந்த 90 கிலோமீற்றரே.

முற்காலத்தில் இக்கேள்விக்கு விடை காற்றிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தார் தெற்கே செல்வதற்குக் காட்டை நம்பாது கடலை நம்பினர். சோழகக் காற்றும் வாடைக் காற்றும் வீசும் காலத்தைக் கணித்து, மன்னார், கற்பிட்டி வழியாகத் தோணிகள் கரையோரமாகச் சென்றன. காற்று வாய்த்தால் சில நாட்கள். வாய்க்காவிடின் கரையிற் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்போது வன்னியின் ஊடாகத் தவறாது நடந்து சென்றவை யானைகள். போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டிலும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். வன்னிக் குறுநிலத் தலைவர்கள் அவர்களுக்குச் செலுத்திய திறை பெரும்பாலும் யானைகளாகவே இருந்தது. காட்டிற் பிடிபட்ட யானைகள் ஆழங்குறைந்த கடல்நீரேரியில் இறக்கி நடத்தப்பட்டு, குடாநாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டன. அவை இறங்கிக் கடந்த இடமே ஆனையிறவு. இன்று அவ்விடத்தைச் சில நிமிடங்களிற் கடந்து செல்வோருள் எத்தனை பேர் அப்பெயரைப் பிரித்துப் பார்க்கிறார்களோ!

காட்டின் வழியே மனிதன் சென்ற பயணங்களில் நாட்கணக்கு எழுத்தில் நிலைத்துவிட்ட பயணம் ஒன்று உண்டு. 1660ஆம் ஆண்டில் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிற் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் ஒரு தோழருடன் தப்பிப் புறப்பட்டார். ஊர் ஊராகச் சென்று பண்டம் விற்பவர்போல் அனுராதபுரம் வரை வந்து, அதன்பின் மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு வடமேற்கே சென்றார். தமிழர் அருவியாறு என வழங்குவது அந்த ஆற்றையே. வன்னிக் காட்டின் மேற்கு விளிம்பைத் தொட்டுச் செல்லும் அந்த ஆற்றங்கரையை விட்டு விலகாமல், ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சி நடந்து, ஒக்டோபர் 18ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். கண்டியிலிருந்து அரிப்புக்கு நேர்கோட்டில் இருநூறு கிலோமீற்றர் இராது. சென்ற காலம் இருபத்தாறு நாட்கள். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. தூரத்தைவிட யார் கண்ணிற் படுவோம் என்ற அச்சமே பயணத்தின் நீளத்தைத் தீர்மானித்தது என்பதற்கு அந்நூல் ஒரு பழைய சாட்சி. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே அச்சம் அதே காட்டுக்குத் திரும்பி வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிய வேளையில் வன்னி தன் வழியை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1803ஆம் ஆண்டு ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் தளபதி வொன் டிறிபேக் அவனைத் தோற்கடித்தான். அதனைக் குறித்து ஆங்கிலேயர் அங்கே ஒரு கல்லும் நாட்டினர். காடு பணிந்த பின்னரே காட்டின் ஊடாக வீதி வந்தது.

கண்டியிலிருந்து மைல் மைலாக அளந்து அவ்வீதியின் ஓரத்தில் நடப்பட்ட கற்களை மக்கள் ‘கட்டை’ என்றனர். மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பின்னரும் கிளிநொச்சியில் ‘155ஆம் கட்டை’ என ஓர் இடம் வழங்குகின்றது. பழைய ஊர்கள் குளத்தாலும் மரத்தாலும் கோயிலாலும் பெயர் பெற்றிருக்க, இவ்வூர் மட்டும் கண்டியிலிருந்து தான் எவ்வளவு தொலைவு என்பதையே தன் பெயராகக் கொண்டுவிட்டது.

வன்னியின் மற்றொரு வழியைப் பற்றியும் கூறவேண்டும். அது மன்னாரிலிருந்து செட்டிகுளம் வழியாக மதவாச்சிக்குச் சென்று, அங்கிருந்து மாத்தளையை நோக்கித் திரும்பும் வழி. 1830ஆம் ஆண்டுகள் முதல் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பெருங்கூட்டம் கூட்டமாக இவ்வழியே நடந்தனர். தோணியிலிருந்து இறங்கிய கரைக்கும் தோட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 150 மைல். குடிநீரில்லாத காட்டுப் பாதை. வாந்திபேதி, காய்ச்சல், பசி. வழியில் வீழ்ந்தோருக்கு முறையான கணக்கு வைத்தவர் இலர். 1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவையும், அதனோடு இணைந்த புகைவண்டியும் வந்த பின்னரே வன்னி ஓரத்தின் அந்த நடைபயணம் ஒரு பழங்கதையாயிற்று. அவர்களின் வழித்தோன்றல்களிற் பலர் 1958, 1977ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலைநாட்டைவிட்டு வந்து, கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிற் காடு வெட்டிக் குடியேறினர். முன்னோர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்த நிலம் பின்னோருக்குப் புகலிடமாயிற்று.

யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி வந்த கதை மகிழ்ச்சியான கதை. 1902ஆம் ஆண்டு மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடிற்று; அதாவது குடாநாட்டுக்குள் மட்டும் ஓடிற்று. இடையில் கிடந்த வன்னிக் காட்டை வெட்டித் தண்டவாளம் இடுவதற்கு மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் நாள் கொழும்புக் கோட்டையிலிருந்து வந்த முதற் புகைவண்டி, 13 மணி 20 நிமிடத்தில் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. காற்றையும் மாட்டையும் நம்பிக் காத்திருந்த மக்களுக்கு, நாட்கள் மணிகளாகச் சுருங்கியது பெரும் வியப்பே. குடாநாட்டு இளைஞர் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழக்கம் அந்தத் தண்டவாளத்தின் மேல் வளர்ந்ததுதான். புகைவண்டியின் சாளரத்தில் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும். யாழ்ப்பாணத்தாரிற் பெரும்பாலோருக்கு வன்னி என்பது இந்தப் பெயர்ப் பலகைகளின் வரிசையாகவே இருந்தது. மாங்குளத்தில் இறங்கி ஐம்பது கிலோமீற்றர் அளவு கிழக்கே சென்றால் முல்லைத்தீவு வரும் என்பதை அறிந்திருந்தும் சென்று பார்த்தவர் சிலரே.

வீதியாற் சென்றவர்கள் மட்டும் ஓரிடத்தில் தவறாமல் இறங்கினர். முறிகண்டிப் பிள்ளையார் கோயில் அது. சாரதி வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவார். பயணிகள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவர். காட்டுவழி பொல்லாதது என்றிருந்த காலத்தின் வேண்டுதல், காடு அஞ்சத்தக்கதாக இல்லாத காலத்திலும் வழக்கமாக நின்றுவிட்டது. பின்னர் அந்த வேண்டுதலுக்கு மீண்டும் பொருள் வந்தது.

1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்தது. ‘சீதாதேவி’ எனப் பெயரிடப்பெற்ற டக்கோட்டா விமானம் அது. இரண்டாம் உலகப்போரிற் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலித் தளத்தில் இறங்கி, அங்கிருந்து சென்னை சென்றது. முன்னர்க் கூறிய அந்த நூலின் வழியே சென்ற விமானம் என்று அதனைச் சொல்லலாம். டக்கோட்டாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர். அவ்வேகத்தில் வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட வானத்தைக் கடக்க இருபது நிமிடங்கள் போதும். நொக்ஸ் இருபத்தாறு நாட்களில் வகுத்த வழியோடு இதனை ஒப்பிட வேண்டியதில்லை. 1905ஆம் ஆண்டின் புகைவண்டியோடு ஒப்பிட்டாலே தலை சுற்றும். ஆயின் விமானக் கட்டணம் கொடுத்துச் செல்ல வல்லோர் சிலரே. பலருக்குரிய விரைவு வேறிடத்திலிருந்து வந்தது.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. காலையிற் கொழும்பிற் புறப்பட்டவர் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். பகலிலேயே வன்னியைப் பார்த்துக்கொண்டு செல்லும் பயணம் அது. வடக்கையும் தெற்கையும் ஒரே பகற்பொழுதுக்குள் கட்டிவிட்ட வண்டி. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. புகைவண்டி நகரங்களை நெருங்கச் செய்த அதே வேளையில் சட்டம் மக்களை விலக்கத் தொடங்கியது. இதன் விளைவு இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்புத் தமிழர் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். 1983ஆம் ஆண்டு ஜூலையிலும் அவ்வாறே. தண்டவாளம் இருந்தது; யாழ்தேவி இருந்தது; விமானமும் இருந்தது. ஆயினும் மக்கள் தோணிக் காலத்துக் கடல்வழிக்கே திரும்பினர்.

அதன்பின் வன்னி மீண்டும் நீளத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், முறிகண்டிக்கருகே யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதிற் சென்ற படையினரும் பொதுமக்களும் மாண்டனர். 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வவுனியாவுக்கு வடக்கே புகைவண்டி நின்றுபோயிற்று. பின்னர்த் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரை தாங்கின. சிலிப்பர்க் கட்டைகளும் அவ்வாறே மறைந்தன. புகைவண்டி ஓடிய தடத்திற் செடி முளைத்தது.

ஆனையிறவில் இராணுவம், பூநகரியில் இராணுவம், வீதி மூடப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் குடாநாட்டிலிருந்து வெளியேற வேண்டியோருக்கு எஞ்சிய வழி கிளாலிக் கடல்நீரேரி ஒன்றே. நோயாளர், மாணவர், வெளிநாடு செல்வோர், கைக்குழந்தையோடு தாய்மார் எல்லோரும் இரவிற் சிறு படகுகளில் ஏறினர். விளக்கில்லை. நாகதேவன்துறையிலிருந்த கடற்படை முகாமின் ரோந்துப் படகுகள் எப்போது வரும் என்பது தெரியாது. 1993ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நீரில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். கரை சேர்ந்தோர் உழவு இயந்திரத்திலும் மிதிவண்டியிலும், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மோட்டார் வண்டிகளிலும், காட்டுப் பாதைகளின் வழியே வவுனியா நோக்கிச் சென்றனர். புறப்படுவதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதி. வந்து சேர்வதற்கு இராணுவத்தின் அனுமதி. தாண்டிக்குளத்தில் வரிசை. வவுனியாவிற் பாசுக்காக மீண்டும் காத்திருப்பு. யாழ்தேவி ஒரு பகலிற் கடந்த வழியைக் கடக்கப் பல நாட்களும் சிலவேளை வாரங்களும் ஆயின. பயணம் செய்தவர் தூரத்தைக் கேட்கவில்லை, “பாஸ் கிடைத்ததா?” என்றே ஒருவரை ஒருவர் கேட்டனர்.

1997ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அரசாங்கப் படைகள், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே தரைவழியைத் திறப்பதற்காக ‘ஜயசிக்குறு’ என்னும் படைநடவடிக்கையைத் தொடங்கின. எண்பது கிலோமீற்றருக்கும் குறைந்த வீதி. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஒவ்வோர் ஊருக்கும் மாதக்கணக்கிற் போர் நடந்தது. 1998ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்நடவடிக்கை கைவிடப்பட்டபோது, பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஆகியும் வழி திறக்கவில்லை. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வழியோர ஊர்களிற் கூரையோடு நின்ற வீடு அரிதாயிற்று.

வீதி இல்லாத அக்காலத்தில் வானமும் காப்பாக இருக்கவில்லை. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். ஒரு மணி நேரப் பயணம் என்று நம்பி ஏறியவர்கள் அவர்கள். தரையில் ஒரு வழி திறந்திருந்தால் அவர்களிற் பலர் விமானத்தில் ஏறியிருக்க மாட்டார்கள்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏப்ரல் 8ஆம் நாள் யாழ்ப்பாணம் வரை வீதி திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, மூட்டைகளை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடியும் ஏறவேண்டியிருந்தது. ஆயினும் மக்கள் முகத்தில் மலர்ச்சி தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரையொருவர் காணாதிருந்த உறவினர் பேருந்துகளிலிருந்து இறங்கினர். முறிகண்டியில் மீண்டும் தேங்காய் உடைந்தது. அது நாலாண்டுகளே நிலைத்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள் முகமாலையிற் சண்டை மூண்டு வீதி மறுபடியும் மூடிற்று. குடாநாட்டில் இலட்சக்கணக்கானோர் மீண்டும் கப்பலையும் விமானத்தையும் நம்பினர்.

இதுவரை கூறியவை எல்லாம் வன்னியைக் கடந்து சென்றோரின் கணக்கு. வன்னியிலேயே வாழ்ந்தோரின் கணக்கு வேறு. அவர்களுக்கு வீதி திறந்ததும் மூடியதும் கடந்து செல்லும் செய்தியன்று. அரிசி, மருந்து, விதைநெல் ஆகியவற்றின் செய்தி. 2009ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி அரசாங்கப் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்த வாரம் ஆனையிறவு. அதற்கு முன்பே மக்கள் பரந்தன்–முல்லைத்தீவு வீதியிற் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவுதான். பேருந்தில் ஒன்றரை மணிப் பயணம். அந்த ஒன்றரை மணிப் பயணம் ஐந்து மாதங்கள் நீண்டது. கூரைத் தகரத்தையும் கதவையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் புறப்பட்டவர்கள், ஒவ்வோர் இடத்திலும் பதுங்குகுழி வெட்டி, ஒவ்வோர் இடத்திலும் சிலரைப் புதைத்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் சில பொருள்களைக் கைவிட்டுச் சென்றனர். இறுதியில் கடலுக்கும் நந்திக்கடல் நீரேரிக்கும் நடுவே ஒரு மணற்றிட்டில், மே மாதத்தில், வெறுங்கையோடு நின்றனர். எத்தனை பேர் வழியில் மாண்டனர் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு இன்றும் இல்லை. கோப்பிக் காலத்து நடைபயணத்துக்கும் இல்லாத அதே கணக்கு.

தப்பியோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பகுதியினர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமிற் கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் நடந்த பழைய மன்னார் வழி அம்முகாமுக்கு அண்மையிற் செல்கிறது.

போர் ஓய்ந்த பின் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இந்தியக் கடனுதவியோடு, இந்திய அரசு நிறுவனமாகிய இர்கோன் தண்டவாளத்தை மீண்டும் இட்டது. 2011ஆம் ஆண்டில் ஓமந்தைக்கும், 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு மார்ச்சில் பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்தேவி வந்து சேர்ந்தது. யாழ்ப்பாண நிலையம் இருபத்துநாலு ஆண்டுகள் வண்டியைக் கண்டதில்லை. அன்று மேடையில் நின்ற சிறுவர் புகைவண்டி என்ற பொருளையே முதன்முறையாகப் பார்த்தனர். 2019ஆம் ஆண்டு நவம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் பறந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் நின்று, 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கும் உட்பட்டது. ‘சீதாதேவி’ சென்ற வழியின் வடபாதி அவ்வாறு மீண்டது.

மெனிக் பாம் முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது. இறுதியாக வெளியேறியோரில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவுக் குடும்பங்களும் இருந்தன. அவர்களை ஏற்றிய வண்டிகள் நெடுந்தூரம் ஓடி, ஊருக்கு மிக அண்மையிலுள்ள சீனியாமோட்டையில் நின்றுவிட்டன. ஊரில் இராணுவ முகாம் இருந்தது. காடு வெட்டிய வெளியில் அவர்களுக்குக் குடிசை அமைக்க இடம் காட்டப்பட்டது. அங்கிருந்து தங்கள் தென்னந்தோப்புக்கு நடந்தே செல்லலாம். ஆனால் வாயிலிற் காவலர் நின்றனர். 2017ஆம் ஆண்டில் அம்மக்கள், பெரும்பாலும் பெண்கள், அந்த வாயிலுக்கு எதிரே பந்தலிட்டு இரவும் பகலும் அமர்ந்தனர். அவ்வாண்டின் இறுதியில் நிலத்தின் ஒரு பகுதி விடப்பட்டது. அந்த நடைதூரத்தைக் கடக்க அக்குடும்பங்களிற் சிலவற்றுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.